இருபதுக்குப் பதினேழு

கணவன் குடிகாரன் என்று மனைவி சொன்னால் குடும்ப நீதிமன்றம் உடனே நம்பிவிடாது. நம்பிவிட்டால் அப்புறம் நீதிமன்றம் எதற்கு? ஆகவே, விவாகரத்து வேண்டும், எட்டு வயது மகள் தன்னிடமே இருக்க வேண்டும் என்று மனுச் செய்த தையல்காரியின் விஷயம், முறைப்படி மதிப்பீட்டு அலுவலரிடம் போய்ச் சேர்ந்தது.

அலுவலரிடம் ஒரு படிவம் இருந்தது. இருபது கேள்விகள். பத்துக்கு மேல் ‘ஆம்’ விழுந்தால் மேற்படி நபர் குடிக்கு அடிமை. நிபுணர் குழு ஒன்று பதினான்கு மாதம் உட்கார்ந்து தயாரித்தது என்பதால் அதில் தவறு இருக்க வழியில்லை.

பெயின்ட் கடையில் வேலை பார்க்கும் கணவருக்கு, இன்ன தேதி காலை பதினொரு மணிக்குத் தாங்கள் குடிகாரரா என்று பார்க்கப்படும் எனப் பன்னிரண்டு நாள் முன்னதாகவே கடிதம் போனது. அன்று அவர் குளித்து, சவரம் செய்து, தேய்த்த சட்டையில் வந்தார். தேய்த்துக் கொடுத்தது மனைவிதான். கசங்கிய சட்டையோடு அனுப்பினால் அதற்கும் தன்னைத்தான் பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

தூக்கம் எப்படி என்று அலுவலர் கேட்டார். படுத்தால் இடி விழுந்தாலும் தெரியாது என்றார் கணவர். கவலை? கிடையாது. வீட்டில் சண்டை? அப்படி எதுவும் நினைவில் இல்லை என்றார், அது உண்மையும்கூட. அலுவலர் கூட்டிப் பார்த்தார். இருபதுக்கு இரண்டு.

சமத்துவம் கருதி, மனுதாரரையும் அதே படிவத்தால் அளக்க வேண்டும் என்பது விதி. தையல்காரி உட்கார்ந்தாள். தூக்கம் இல்லை: ஆம். கண் சிவப்பு: ஆம். கை நடுக்கம் உண்டா? ஊசியில் நூல் கோர்க்கவே இப்போது மூன்று தடவை ஆகிறது என்றாள். கடந்த மாதம் மதுக்கடைக்குப் போனதுண்டா? பதினொரு தடவை, அவரைக் கூட்டி வர. ‘கூட்டி வர’ என்று எழுதப் படிவத்தில் இடமில்லை. பாட்டிலை ஒளித்து வைப்பதுண்டா? அவர் கையில் சிக்காமல், தைக்க வந்த துணிக்கு அடியில் வைப்பதாகச் சொன்னாள். குடியை மறைக்கப் பொய் சொன்னதுண்டா? அவருக்குக் காய்ச்சல் என்று கடை முதலாளிக்கு மாதம் நாலு தடவை போன் செய்வதே அவள்தான்.

இருபதுக்குப் பதினேழு.

“சார், நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்ல. குடிப்பியான்னு ஒரு வார்த்தை கேளுங்க.”

“அந்தக் கேள்வி படிவத்துல இல்லம்மா. கேட்டா எல்லாரும் பொய் சொல்றாங்கன்னு குழு எடுத்துடுச்சு.”

நீதிபதி அறிக்கையை இரண்டு முறை படித்தார். விவாகரத்து வழங்கப்பட்டது, கேட்டவளுக்கு அல்ல, இத்தனை காலம் அவளைப் பொறுத்துக்கொண்ட கணவருக்கு. மகளும் அவருக்கே. கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. மகளுக்குப் பள்ளி எத்தனை மணிக்கு என்றுகூட அவருக்குத் தெரியாது. “ஐயா, குடிக்கிறது நான்தாங்க” என்று எழுந்து நின்றே சொன்னார். மனைவியின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் இப்படியொரு கணவரைத் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று நீதிபதி தீர்ப்பில் ஒரு வரி சேர்த்தார்.

தாய்க்கும் மனம் உண்டு என்பதை நீதிமன்றம் மறக்கவில்லை. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் அவள் மகளைப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை: பொறுப்புள்ள பெற்றோரான தகப்பனார், வாசலிலேயே அவளை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். வாடை இருந்தால் அனுமதி இல்லை.

முதல் ஞாயிறு, தையல்காரி மகளுக்குத் தைத்த கவுனோடு சரியாகப் பத்து மணிக்கு வந்து நின்றாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவள் ஊதினாள். அவர் மூக்கைச் சுளித்தார். வாடை குப்பென்று அடித்தது. இல்லாததை எழுதும் மனிதர் இல்லை அவர். ‘வாடை உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே.

மூன்றாவது ஞாயிறு, அவர் பேனாவைத் திறந்தபோது, மகள் பின்னாலிருந்து வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, நீங்க வாயை மூடிக்கிட்டு மோந்து பாருங்க.”