கட்டடக்காரர் மட்டும் வாடவில்லை

பதிப்பாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருப்பவரும், என் மனைவிக்கு ஒரே தம்பியும், ஆகவே எனக்கு இரண்டு வகையில் மேலதிகாரியுமான மச்சான் அவர்களுக்கு, அத்தான் பணிவோடு எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலம். அங்கு நீங்களும், தங்கச்சியும், பிள்ளைகளும், உங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். நேற்று மாலை நாலு மணி வரைக்கும் 'இங்கு நான் நலம்' என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இப்போது இருக்கிறது. இங்கு எல்லாருமே நலம். தலைமையாசிரியை நலம், பல் டாக்டர் நலம், இரட்டைச் சகோதரிகள் இருவரும் நலம், தபால்காரர் ரொம்பவே நலம். ஆகவே நான் தவணை தவணையாக அனுப்பிய நாவலின் கடைசி ஒன்பது அத்தியாயங்களை அச்சுக்குக் கொடுத்திருந்தீர்களானால், இந்தக் கடிதத்தை மேற்கொண்டு படிக்காமல் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டு, பிறகு படியுங்கள். அந்த ஒன்பது அத்தியாயங்களில் நான் பதினோரு பேரை அநியாயமாகக் கொன்றிருக்கிறேன்.

பிடுங்கிவிட்டீர்களா? நல்லது. ஆதியோடந்தமாகச் சொல்கிறேன்.

கோடை முடிந்த கையோடு உங்கள் அக்கா நம் பெண்ணின் பிரசவத்துக்குக் கிளம்பினாள் அல்லவா, டாக்ஸியில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கி என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "நாவலை எழுதுங்க, வேண்டாங்கல. ஆனா நான் திரும்பி வரும்போது தோட்டத்துல ஒரு செடி குறையக் கூடாது." எனக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவன் நான். கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு, ஞாயிற்றுக்கிழமை தூக்கம். தோட்டம் என்றால் சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உங்கள் அக்கா குனிந்துகொண்டிருக்கும் இடம் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வேலியோரத் திராட்சைக் கொடியைப் பற்றி மட்டும் தெரியும். உங்கள் அக்கா அந்த ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய வருஷம், தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். அவள் நடக்கவில்லை, குழி தோண்டினாள். அதில் நட்ட கொடி அது. அது இலை விட்ட அன்றுதான் அவள் வீட்டில் மறுபடி சத்தமாகப் பேசினாள். அதற்கு ஏதாவது ஆனால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முன்னால் நிற்பேன், சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம் நாவலும் தோட்டமும் என்னை இரண்டு பக்கமும் இழுத்துக் கிழித்தன. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால் பல் டாக்டருக்கு ஒரு நல்ல வசனம் வரும், அதை எழுத உள்ளே ஓடுவேன், ஒரு வசனத்துக்கு இரண்டு பக்கம் வந்துவிடும், நிமிர்ந்து பார்த்தால் தண்ணீர் வேலியைத் தாண்டி பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மாவின் வாசல்படியில் ஏறிக்கொண்டிருக்கும். சரி, உட்கார்ந்து எழுதலாம் என்று உட்கார்ந்தால், உரம் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வரும், எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி போடுவேன். மூன்று முறை உரம் தின்ற கத்தரி ஆள் உயரம் வளர்ந்து ஒரு காய்கூடக் காய்க்கவில்லை. நாவலும் கிட்டத்தட்ட அதே நிலையில்தான் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. "அத்தான், முந்நூறு பக்கத்துல ஒருத்தருக்கு ஜலதோஷம்கூடப் பிடிக்கல. வாசகர் எதுக்குப் பதறணும்? யாராவது சாகணும்" என்று எழுதியிருந்தீர்கள்.

யாரைச் சாகடிப்பது? எனக்கு ஒரு கோழிமேல்கூடக் கை ஓங்கத் தைரியம் இல்லை. தலைமையாசிரியை பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற அலைகிறார், அவரை எப்படித் தொடுவது? தபால்காரருக்கு மூன்று பிள்ளைகள். சாக வேண்டியவர் என்றால் பள்ளிக்கூடம் இருக்கும் கட்டடத்துக்குச் சொந்தக்காரர், அந்தக் கட்டடக்காரர் ஒருவர்தான். முதல் அத்தியாயத்தில் தலைமையாசிரியை போய்க் கதவைத் தட்டி, "காலி பண்ண, பரீட்சை முடியற வரைக்குமாவது டைம் குடுங்க சார்" என்று கெஞ்ச, முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிக் கதையையே தொடங்கி வைக்கும் புண்ணியவான். ஆனால் அவரைக் கொன்றால் கதை அங்கேயே முடிந்துவிடும். மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள்தான், மச்சான், எனக்கு அந்த யோசனை வந்தது. தோட்டத்தையும் நாவலையும் தனித்தனியாகப் பார்த்தால்தானே இழுபறி? இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால்?

ஓய்வு பெறும்போது அலுவலகத்தில் மீந்துபோன அட்டைகள் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தேன். லிஃப்ட் கதவில் தொங்கவிடுவது. ஒரு பக்கம் பச்சை, 'இயக்கத் தகுந்தது'. மறுபக்கம் சிவப்பு, 'இயக்கத் தடை'. நாவலில் முக்கியமானவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு செடிகளைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு அட்டை எழுதி, பச்சைப் பக்கம் தெரியும்படி தொங்கவிட்டேன். திராட்சைக் கொடி தலைமையாசிரியை, ரோஜா பல் டாக்டர், பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு லில்லி இரட்டையர், புதினா தபால்காரர். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெயிலே படாத மூலையில், பளபளவென்று தடித்த இலையோடு ஒரு தொட்டிச் செடி இருந்தது. அது கட்டடக்காரர். எந்தச் செடி வாடுகிறதோ, அதற்குரிய ஆள் போய்ச் சேருவார். கொன்ற பாவம் என்னுடையது அல்ல. காலையில் ஆய்வு, பகலில் எழுத்து. தண்ணீர் ஊற்றுவதே நாவல் வேலையாகிவிட்டது. என் ஆயுளில் நான் அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

முதலில் போனவர் தபால்காரர். குளிர் தொடங்கிய வாரத்தில் புதினா கறுத்து மடங்கி மண்ணோடு மண்ணாகிவிட்டது. அட்டையைச் சிவப்புக்குத் திருப்பினேன். எழுதி அனுப்பினேன். "அத்தான், அழுதுட்டேன்" என்று பதில் போட்டீர்கள். அந்த ஒரு வரி என் தலைக்கேறிவிட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வாரம் இரட்டையர் ஒரே நாளில் சாய்ந்தார்கள், படகைக் கவிழ்த்தேன். ரோஜா மொட்டைக் குச்சியானது, பல் டாக்டரை ஏணியிலிருந்து தள்ளினேன். அதற்கப்புறம் சாவு வரிசை கட்டி வந்தது. ஒரே வாரத்தில் நாலு பேர். எனக்குத் தெரிந்த வியாதிகளெல்லாம் தீர்ந்துபோய், நர்ஸ் அம்மாவிடம் போய், "திடீர்னு உயிர் போறதுக்கு என்னென்ன வழிம்மா இருக்கு?" என்று பொதுவாகத்தான் கேட்டேன். அன்றிலிருந்து அவர் தினமும் மாலை நாலு மணிக்கு ரத்தக்கொதிப்பு பார்க்கும் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கத் தொடங்கிவிட்டார்.

மரம் இலை உதிர்க்கும் என்பது எனக்கும் தெரியும், மச்சான், என்னை அவ்வளவு மட்டமாக எடைபோட வேண்டாம். தெருவில் நிற்கிற பெரிய மரங்கள் உதிர்க்கும், நகராட்சி ஆள் வந்து கூட்டிக்கொண்டு போவார். முழங்கால் உயரச் செடிக்கும் வேலியில் கிடக்கும் கொடிக்கும் அதே சட்டம்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? என் தொழிலில் லிஃப்ட் என்றால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். தூங்குகிற லிஃப்ட் என்று ஒன்று கிடையாது.

உங்கள் அக்கா தினமும் போனில் கேட்பாள். பேத்தி தும்மினதைச் சொல்லி முடித்ததும், "தோட்டம் எப்படிங்க இருக்கு?" என்பாள். "அதுக்கென்ன, பச்சைப்பசேல்னு இருக்கு" என்பேன். "பச்சையாவா? இந்தக் குளிர்லயா?" என்பாள். "நீ விட்டுட்டுப் போனதைவிடப் பச்சை" என்பேன். கொஞ்ச நேரம் பேச்சே வராது. சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டு, ஜன்னலைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள், எனக்குப் பத்தொன்பது ஆயிற்று.

கடைசியில் கொடியும் போயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை காற்றில் மிச்சமிருந்த இலையெல்லாம் உதிர்ந்து, பட்டை உரிந்த குச்சி மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. தலைமையாசிரியையின் சாவை நான் ஒரே மூச்சில் எழுதினேன். எழுதும்போது அழுதது அவருக்காக அல்ல. திங்கட்கிழமை அதையும் உங்களுக்கு அனுப்பினேன். இரங்கல் கூட்டம் என்று ஓர் அத்தியாயம் வரும், பார்த்திருப்பீர்கள். அதில் பேசுவதற்குக்கூட ஆள் மிஞ்சவில்லை. கட்டடக்காரரே எழுந்து பேசி, அவரே உட்கார்ந்து கைதட்டிக்கொள்கிறார்.

நேற்று ஒரு முடிவுக்கு வந்தேன். உங்கள் அக்கா வர இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் செத்த கொடியைப் பிடுங்கிப் புதைத்துவிட்டு, நாற்றுப்பண்ணையில் அதே மாதிரி ஒன்றை வாங்கி நட்டுவிடுவது. பின்னால் போய் மண்வெட்டியை எடுத்து வேலியோரமாக நீளமாக ஒரு குழி வெட்ட ஆரம்பித்தேன். முழங்கால் ஆழம் வந்திருக்கும். நாலு மணி ஆனதை மறந்துவிட்டேன். பின்னால் ஒரு குரல்.

"சார், மண்வெட்டியைக் கீழ போடுங்க. மெதுவா. எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்."

"பேச ஒண்ணும் இல்லம்மா. போயிட்டாங்க."

"யாரு சார் போயிட்டாங்க?"

"தலைமையாசிரியை. அவங்களுக்கு முன்னாடி பத்துப் பேர்."

நர்ஸ் அம்மாவின் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது. நான் சிவப்பு அட்டையைக் காட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், வரிசையாகத் தொங்கிய மற்ற சிவப்பு அட்டைகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, கட்டைவிரல் நகத்தால் குச்சியை ஒரு கீறு கீறினார். உள்ளே பச்சை. ஈரமான, பளிச்சென்ற பச்சை.

"சாகல சார். தூங்குது. குளிர் போனா எந்திரிச்சிரும். வருஷா வருஷம் இதுதானே நடக்குது, நீங்க பார்த்ததே இல்லையா?"

"ரோஜா?"

"தூங்குது."

"லில்லி?"

"கிழங்கு மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கும்."

"புதினாவும்மா?"

"புதினாவை நீங்க கொல்லணும்னு நெனச்சாலும் நடக்காது சார்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அந்தக் குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்து ரத்தக்கொதிப்பு பார்த்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சரியாக இருந்ததாம். பிறகு இருவருமாகக் குழியை மூடினோம். ஒவ்வொரு செடியாகப் போய் அட்டையைப் பச்சைக்குத் திருப்பினேன். நேற்று இரவு நான் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, அந்தப் புதினாகூட அப்படித் தூங்கியிருக்காது.

ஆகவே மச்சான், கீழ்க்கண்ட திருத்தங்களைச் செய்துவிடவும். தபால்காரர் நீண்ட விடுப்பில் இருக்கிறார். படகு கவிழவில்லை, ஆடியது. ஏணி இரண்டே படிதான் உயரம். தலைமையாசிரியைக்கு வந்தது அசதி. அவர் இறந்துவிட்டதாகச் சொன்ன டாக்டர் அவசரப்பட்டுவிட்டார், அவரை மாற்றிவிடலாம். யாருமே சாகவில்லையே என்று நீங்கள் மறுபடி கோபித்துக்கொள்வீர்கள். கோபித்துக்கொள்ளுங்கள். எனக்கு யாரும் சாகாமல் இருப்பதுதான் பிடித்திருக்கிறது, இந்த வயதில் அதை ஒளிக்க என்ன இருக்கிறது.

கட்டடக்காரரை மட்டும் எழுதியபடியே விட்டுவிடுங்கள். கெட்டவர்தான், ஆனால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். காற்றிலும் குளிரிலும் மற்றவர்களெல்லாம் படுத்துவிட்டபோது ஓர் இலைகூட உதிராமல் நிமிர்ந்து நின்றது அந்தத் தொட்டிச் செடி ஒன்றுதான். பூச்சி அண்டவில்லை, நோய் தொடவில்லை. இலையில் தூசி படியும், ஈரத்துணியால் துடைத்தால் புதிதுபோல் மின்னும், அவ்வளவுதான் அதன் குறை. தினமும் இரண்டு சொம்பு தண்ணீரும் மிச்சமிருந்த உரமும் அதற்குத்தான். அந்த மன உறுதியைப் பார்த்துத்தான் அவருடைய குணச்சித்திரத்தையே நான் ஆழமாக்கினேன். நாவலை அந்தச் செடிக்கே சமர்ப்பணம் செய்வதாக உத்தேசம்.

நடந்தது எதுவும் உங்கள் அக்காவுக்குத் தெரிய வேண்டாம். தங்கச்சிக்கு என் விசாரிப்புகள். பிள்ளைகள் படிப்பிலும் நீங்கள் பொறுமையிலும் மேன்மேலும் ஓங்கி, தழைத்து, முக்கியமாக உதிராமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் அன்பு அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. உங்கள் அக்கா. பத்து நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். "இந்தக் குளிர்ல தோட்டம் பச்சையா இருக்குன்னு நீங்க சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, ஏதோ விபரீதம்னு" என்று சொல்லிக்கொண்டே நேராகப் பின்பக்கம் போனாள். கொடியைத் தொட்டுப் பார்த்தாள், அட்டைகளைப் படித்தாள், சிரித்தாள். மூடிய குழியைப் பற்றிக் கேட்டாள், பெட்டியோடு வந்து நின்ற நர்ஸ் அம்மா எல்லாவற்றையும் சொன்னார். என் உயிர் போய் வந்தது. கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனவள், "இதுக்கு எதுக்குங்க தண்ணி ஊத்தி ஊறவெச்சிருக்கீங்க?" என்றாள். அதன் பெருமையை எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அது பிளாஸ்டிக்குங்க. போன வருஷம் என் தம்பிதான் கொண்டுவந்து வெச்சான். 'அக்கா, இதையாவது அத்தானால சாகடிக்க முடியாது'ன்னு சொல்லிக் குடுத்தானே, மறந்துட்டீங்களா?" என்றாள்.

மச்சான், உங்களிடம் அப்புறம் பேசிக்கொள்கிறேன். என் விதிப்படி கட்டடக்காரர் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை, முதல் பக்கத்திலிருந்தே அப்படி ஒருவர் கிடையாது. அதற்கேற்ற நிறத்தில் என்னிடம் அட்டை இல்லை. எனவே மேலே சொன்ன திருத்தம் எதுவும் வேண்டாம். முதல் அத்தியாயத்தில் தலைமையாசிரியை போய்க் கதவைத் தட்டுகிறார் அல்லவா, அங்கே யாரும் திறக்க வேண்டாம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிவிடட்டும். அதற்கப்புறம் உள்ள முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களை உடனே இங்கே அனுப்பி வைக்கவும். குளிருக்கு வேர்களை மூடக் காகிதம் பற்றவில்லை என்று உங்கள் அக்கா தேடிக்கொண்டிருக்கிறாள்.