மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தை

"இந்த 'கார்ட்டேஜ்'ங்கிற வார்த்தைய யாருங்க போடச் சொன்னது?" என்று ஆவூர் ஜோசப் வாத்தியார் கேட்டபோது, பாத்திரக்கடை குணசேகரன் மண்டப வாசலில் மிதப்பாக நின்றிருந்தார்.

மாப்பிள்ளை அழைப்புக்கு இலுப்பூரே பார்க்காத பேனர். மேலே பெரிய இங்கிலீஷ் எழுத்தில் அந்த வார்த்தை. அதன் கீழே மாப்பிள்ளை விக்ரம் கோட்டுப் போட்டுச் சிரிக்கிறார்.

"ஊர்வலம்னு அர்த்தம் சார்."

"ஊர்வலந்தான். பொணத்தத் தூக்கிட்டுப் போற ஊர்வலம்."

குணசேகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகூர்த்தப் புடவையிலிருந்து மாப்பிள்ளை வரை அவரே பார்த்து, பேசி, படியவைத்த கல்யாணம். மகள் சிவரஞ்சனி இங்கிலீஷில் எம்.ஏ. இருந்தும் அவளை ஒரு வார்த்தை கேட்டுத் தொந்தரவு செய்தவரில்லை. பேனரைக்கூட, "நல்ல இங்கிலீஷா ஒண்ணு போடுப்பா" என்று பேனர் கடை அஜித்திடம்தான் விட்டிருந்தார். அவன் காலை வாரிவிட்டானே!

போனில் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டார். "இந்தா வாரேண்ணே" என்றான்.

சம்பந்தி மலையாண்டியோ பூனை குறுக்கே போனால் காரைத் திருப்புகிற ஆள். மணமேல்குடியிலிருந்து அவருடைய வேன் கிளம்பியாயிற்று. பேனரைக் கழற்றலாமென்றால், நல்ல நாளில் கழற்றுவதே அபசகுனம் என்பார்.

அதற்குள், முன்னால் வந்திறங்கிய மாப்பிள்ளையின் மாமா அண்ணாந்து பார்த்து, அது என்ன என்று விசாரித்தார்.

"காட்டேஜுங்க. எழுத்துப் பிழை."

மாமா சந்தோஷமாக உள்ளே போனார். போன வேகத்தில் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தார். "எங்க காட்டேஜ் எங்கிட்டுங்க? ஏசி இருக்குல்ல?"

ஹாலில் பாய் விரித்திருப்பதைச் சொன்னதும் முகத்தைத் தூக்கிக்கொண்டார். மரியாதை போதவில்லை என்று வேனுக்கே போன் போட்டுவிட்டார்.

இனி வாய் பேசி ஆகாது என்று குணசேகரன் ஏணி கேட்டார். மீந்திருந்த பெரிய ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு வேட்டியை மடித்துக்கட்டி ஏறி, அந்த வார்த்தை மறைகிற மாதிரி கட்டிவிட்டு இறங்கினார். கனம் தாங்காமல் மாலை வழிந்து, மாப்பிள்ளை படத்தின் இரு பக்கமும் அம்சமாகத் தொங்கியது.

இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் இப்போது அர்த்தம் விளங்கிவிட்டது. கூடையோடு போன ஓர் அம்மாள் நின்று, "பாவம், சின்ன வயசு. எப்ப எடுக்குறாக?" என்று கேட்டாள்.

முக்கில் வேன் ஹாரன் கேட்டது. அதை முந்திக்கொண்டு டிவிஎஸ்ஸில் வந்து நின்றான் அஜித். குணசேகரன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட ஒனக்கு எவன்டா சொல்லிக் கொடுத்தான்?"

"ஒங்க பொண்ணுதாண்ணே சொல்லுச்சு. சாவுக்குப் போடுறதாச்சேன்னு நான்கூட ஒரு வார்த்தை கேட்டேன், 'அதேதான், பெருசாப் போடு'ன்னுச்சு."