ஷேடு மாமா பிடித்துக்கொடுத்த மேற்கு வாசல்

சூரியனுக்கே இன்டர்வியூ வைத்து, "நீங்க தேறமாட்டீங்க, போலாம்" என்று திருப்பி அனுப்பிய ஒரே மனிதர் திருப்பூரில் எங்கள் ஷேடு மாமாதான்.

ராயபுரத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருந்தார். சாயப்பட்டறையில் வேலை. சாயம் ஏறிய துணி, ஆர்டர் கொடுத்த பையர் கேட்ட அதே ஷேடில், அதே நிறத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கென்று மெஷின் வாங்கி வைத்திருந்தார்கள். மாமா அதைத் தாண்டிப் போய், துணியோடு வடக்கு ஜன்னலில் நின்றுகொள்வார்.

"கெழக்கு வெளிச்சம் காலைல சிரிக்குமுங்க. மேக்கு சாயங்காலம் மொறைக்கும். வடக்கு ஒண்ணுதான் நாள் முழுக்க ஒரே மாதிரி பேசும்."

இந்த வியாதி பட்டறை கேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை சொந்தக்காரப் பையனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், காபித் தட்டோடு வந்த பெண்ணை நிறுத்தி, "அம்மிணி, கொஞ்சம் அந்த ஜன்னல் பக்கம் வாங்க" என்றார். சபையே ஆடிப்போனது. மாமா பார்த்தது சேலையை. "மெரூன்னு சொன்னீங்க. இது பிரவுனுங்க!" எப்படியோ கல்யாணம் நடந்தது. பந்தியில் அவரை டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்காரவைத்துப் பழிவாங்கினார்கள்.

நான் காலேஜ் இரண்டாம் வருடம் படித்தபோது அப்பா சொந்த வீடு தேட ஆரம்பித்தார். அம்மா வீட்டிலிருந்தே பனியன் செக்கிங் செய்துகொண்டிருந்தாள். பண்டல் பண்டலாக வரும் பீஸ்களில் பிசிறு வெட்டி, கறை பார்த்து அனுப்ப வேண்டும். எங்கள் வாடகை வீட்டிலோ நட்ட நடுப்பகலிலும் டியூப்லைட்தான். அந்த மாதம் கறையைத் தவறவிட்டு ரெண்டு பண்டல் திரும்பி வந்துவிட்டன. "இன்னொரு தடவ வந்துச்சுன்னா பண்டல் கெடையாதுங்கக்கா" என்று கம்பெனி சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனான். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அப்பா மட்டும் குஷியாக வந்து மாமாவிடம் சொன்னார். "கெழக்கு பாத்த ஊடு மச்சான்! ஹால்ல வெயிலு அப்படியே தங்கமாட்டம் கொட்டுது. நாளைக்கு அட்வான்ஸு."

"எப்பப் பாத்தீங்க மாப்ள?"

"ஞாயித்துக்கெழம காலைல."

"ஊரே ஞாயித்துக்கெழம காலைலதான் ஊடு பாக்குது. அந்நேரம் மாட்டுக் கொட்டாயி கூட அரமனையாட்டத்தான் தெரியும்."

உண்மைதான். ஆறு நாளும் ஷிப்ட் என்பதால், திருப்பூரில் யாரும் தான் வாங்கப்போகும் வீட்டை மத்தியானத்தில் பார்த்ததே கிடையாது.

மறுநாள் மாமா லீவு போட்டுவிட்டு, மூன்று மணிக்கு எங்களை அங்கே இழுத்துப்போனார். அம்மாவுக்கென்று அப்பா ஒதுக்கியது மேற்குப் பக்க அறை. மாமா ஸ்டூல் போட்டு, வெள்ளை பனியனை மடியில் விரித்து உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் அவர் சட்டையே வியர்வையில் வேறு ஷேடுக்குப் போய்விட்டது.

"ஏனுங்க, இவரு இன்கம்டாக்ஸுங்களா?" என்று வீட்டுக்காரர் என் காதில் கேட்டார்.

மாமா எழுந்தார். "வெள்ள கிரீமாயிப்போச்சு மாப்ள. இங்க உக்காந்தா அம்மிணி கண்ணுக்குக் கறையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. கூடவே வெந்தும் போயிரும்."

அட்வான்ஸ் நின்றது. அடுத்த வாரமே ஒரு வீட்டைக் காட்டினார். மேற்கு வாசல். அதனாலேயே யாரும் வாங்காமல் கிடந்த வீடு.

அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மேக்கு வாசலா? பங்காளி ஒருத்தன் உள்ள கால் வெப்பானா?"

"வெக்காட்டி காப்பித்தூள் மிச்சமுங்க மாப்ள. இங்க வடக்கு ரூமப் பாருங்க, ரெண்டு ஜன்னலு. வெளிய பொதுச் சந்து, எவனும் கட்டி மறைக்க முடியாது. சாயங்கால வெயிலு ஹால்லதான் அடிக்கும். அப்ப நீங்க கம்பெனில இருப்பீங்க!"

அவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே அம்மா வடக்கு அறைக்குள் போய்விட்டாள். திரும்பி வந்த பண்டலிலிருந்து ஒரு பீஸைப் பையில் கொண்டுவந்திருந்தாள். மணி நாலு. லைட் போடவில்லை. ஜன்னலருகே விரித்துப் பிடித்தவள், திருடனைப் பிடித்தமாதிரி கத்தினாள். "இதா இருக்குதுங்க கறை!"

பிறகு அப்பாவைப் பார்த்து, "இந்த ஊடுதானுங்க" என்றாள். எங்கள் வீட்டில் அப்பாவின் தீர்ப்பு ரத்தானது அன்றுதான் முதல் தடவை.

அதன் பிறகு ஒரு பண்டல்கூடத் திரும்பி வரவில்லை. கரண்ட் கட்டில் தெருவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில், எங்கள் வடக்கு அறையில் ஆறு பேர் வேலை செய்தார்கள். ஆறு பேருக்கும் அம்மாதான் மேஸ்திரி. மிரட்டிவிட்டுப் போன அதே சூப்பர்வைசர் வாசலில் நின்று, "அக்கா, அர்ஜென்ட் ஷிப்மென்ட், நீங்க பாத்தாத்தான் தைரியமா அனுப்புவோம்" என்றான். மேற்கு வாசல்தான். உள்ளே வராத பங்காளி ஒருவன்கூட இல்லை. எல்லோரிடமும் அப்பா, "நாந்தேன் அலைஞ்சு திரிஞ்சு புடிச்சேன்" என்பார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து "ஆமாங்க" என்பார்.

இப்போது மாமா காங்கேயத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். இந்தப் பக்கம் வந்து மூன்று வருடமாகிறது. என் முதல் சம்பளத்தில் எல்லா ஜன்னலுக்கும் கர்ட்டன் வாங்கி வந்தேன். வடக்கு ஜன்னலுக்கு வாங்கியதை மட்டும் அம்மா மடித்து பீரோவில் வைத்துவிட்டாள்.

"வேண்டாங் கண்ணு. மாமா திடீர்னு வந்தா மனசு சங்கடப்படுவாரு."

நானும் எடுத்து மாட்டவில்லை.