மாரியண்ணன் முழங்காலில் இரண்டு பிடி அரிசி

என்னிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டதால் லாக்கப்புக்குப் போன ஒரே நோயாளி மாரியப்பன் அண்ணன்தான். (என் முதல் நோயாளியும் அவர்தான். நல்ல தொடக்கம்.)

மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம். பெடாஸ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி அரிசிகூட வெளியே போக விடமாட்டார்கள். கேட்டில் ஆளைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர். நான் பள்ளியின் கடைசிப் பரீட்சையான சீனியர் கேம்பிரிட்ஜ் முடித்துவிட்டு, சீமையில் பிசியோதெரபி படிக்க விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருந்தேன். ஒரு நோயாளியையாவது கவனித்திருக்கிறேன் என்று தோட்ட மேனேஜர் துரையிடம் கடிதம் வாங்கி இணைக்க வேண்டும்.

அகப்பட்டவர் மாரியண்ணன். ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போன இடத்தில் விழுந்து கால் முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் முழங்கால் மடங்கவில்லை. நான் புத்தகத்தில் படம் பார்த்துப் பார்த்து மடக்குவேன்.

“போதும்லா பாப்பா! இது மனுசன் காலு, நாக்காலி காலு இல்ல!”

ஒருநாள் காலை ஒத்தடத்துக்கு உப்பு இல்லை. வீட்டு அரிசியில் இரண்டு பிடி வறுத்து, துணியில் முடிந்து, அவர் முழங்காலில் இறுக்கிக் கட்டினேன். வழக்கமான உப்பு என்றே அவர் நினைத்திருக்கிறார்.

“மத்தியானம் வரைக்கும் அவுக்காதீங்கண்ணே,” என்று பெரிய டாக்டர் மாதிரி உத்தரவு வேறு. வேலிக்கு வெளியே ரப்பர் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு அவர் போகிறார் என்பது எனக்குத் தெரியும். கேட்டின் நினைப்புத்தான் வரவில்லை. (சீனியர் கேம்பிரிட்ஜில் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.)

ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து பார்த்தேன். மலாய்க் கான்ஸ்டபிளின் கை அவர் முழங்காலில் நின்றது. முடிச்சை அவிழ்த்தான். “பெராஸ்!” என்று கத்தினான். அரிசி பொலபொலவென்று மண்ணில் கொட்டியது.

“யாரு கட்டுனது?” என்று அதட்டினார் கூட நின்ற தமிழ்க் கான்ஸ்டபிள்.

மாரியண்ணன் அரிசியைப் பார்த்தார். ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். “நானேதான்,” என்றார். லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

நான் ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன். பிறகு மேசையில் உட்கார்ந்து, விண்ணப்பத்தில் ‘பிறர் துன்பம் கண்டு உடனே உதவுபவள்’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

மத்தியானம் அவர் மனைவி அழுதுகொண்டே அப்பாவிடம் வந்தபோதுதான் வாயைத் திறந்தேன். அப்பா என்னை அடிக்கவில்லை. கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். அங்கே நான் அழுததிலும், அப்பா கெஞ்சியதிலும், துரை ஜாமீன் சொன்னதிலும் சாயங்காலம் விட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும்போது கேட்டேன். “ஏண்ணே என் பேரச் சொல்லல?”

“சொன்னா துரை ஒனக்குக் கடிதாசி குடுப்பாராலா?”

துரை கடிதம் கொடுத்தார். நான் சீமைக்குப் போய்ப் படித்துத் திரும்பினேன்.

இன்றும் வீட்டில் யாருக்காவது கால் வலித்தால், “அத்தகிட்டப் போகாத, உள்ள தள்ளிருவாங்க!” என்று சிரிப்பார்கள். அவர்கள் சொல்லும் கதையில், லாரி கிளம்புமுன்பே நான் அழுதுகொண்டு கேட்டுக்கு ஓடி, “நான்தான் கட்டினேன்!” என்று கத்துகிறேன்.

கதையை அப்படி மாற்றியவர் மாரியண்ணன்தான். கல்யாண வீடுகளில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே சொல்வார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.