விரல் தவறிய வாடகை

ஒன்றாம் தேதி காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நான் ஒரு வீர முடிவு எடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் அதை உரக்கச் சொல்லவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

முடிவு இதுதான்: அந்த நாற்காலியை வாங்கியே தீருவது.

அது சாதாரண நாற்காலி இல்லை. ரிமோட்டில் முதல் பொத்தானை அழுத்தினால் முதுகு சாயும். இரண்டாவதை அழுத்தினால் கால் நீளும். மூன்றாவதை அழுத்தினால் நாற்காலியே மெல்ல எழும்பி, உட்கார்ந்திருப்பவரைத் தூக்கி நிறுத்திவிடும். கடைக்காரர் என்னை உட்காரவைத்து முதல் இரண்டையும் காட்டினார். கடை மூடும் நேரம் வந்தும் நான் எழுந்திருக்காததால் மூன்றாவதையும் காட்டினார்.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். ஊரில் உள்ள எல்லாரையும் ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. அவர்கள் உள்ளே சொகுசாக நின்றுகொண்டு போகிறார்கள். நான் லிஃப்டின் கூரைமேல் குந்திக்கொண்டு போகிறேன். இத்தனை காலம் குந்திய முதுகுக்கு ஒரு சாய்மானம் வேண்டாமா? முந்தின வாரமே மனைவியிடம் கேட்டிருந்தேன்.

"என்ன விலை?" என்றாள்.

"அதிகமில்ல. ஏறக்குறைய ஒரு மாச வாடகை."

"பரண்ல பாய் இருக்கு. பொத்தானே இல்லாம முழுசா சாயும்."

வழக்கு தள்ளுபடி.

மேல்முறையீட்டுக்கு வழியில்லாத வீட்டில் குறுக்குவழிதான் ஒரே வழி. என் நண்பர் ஒருவர் சலூன் வைத்திருக்கிறார். எங்கள் நட்புக்கும் என் தலைக்கும் சம்பந்தமில்லை. என் தலையில் அவருக்கு இருந்த வேலையெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. கூட்டம் இல்லாத நேரத்தில் சதுரங்கம் ஆடப் போவேன், அவ்வளவுதான். முந்தின நாளே அவரிடம் என் திட்டத்தைச் சொல்லியிருந்தேன். வீட்டு வாடகையை என் போனிலிருந்து 'தவறுதலாக' அவர் கடைக் கணக்குக்கு அனுப்பிவிடுவேன். "வந்த பணம் கடனுக்குப் போயிடுச்சு, அடுத்த வருஷம் தர்றேன்" என்று அவர் கையை விரிக்க வேண்டும். மனைவி துணி அலமாரியில், மடித்த போர்வைக்குள், ஒரு தனி நிதியமைச்சகமே நடத்துகிறாள். வேறு வழியின்றி அதிலிருந்து வாடகையைக் கட்டுவாள். நண்பர் பணத்தை ரகசியமாக என்னிடம் தருவார். நாற்காலி வரும்.

"அண்ணே, இது தப்பில்லையா?" என்றார் நண்பர்.

"சம்பளம் என்னுது. முதுகு என்னுது. தப்பு மட்டும் எப்படி உன்னுதாகும்?"

"அதுசரி. எனக்கு என்ன லாபம்?"

"உன் கடை நாற்காலி ஏறினா இறங்க மாட்டேங்குதே. சும்மா சரிபண்ணித் தர்றேன்."

நண்பர் கை கொடுத்தார். எல்லாப் பக்கமும் அடைத்துவிட்ட திட்டம் என்று நினைத்தேன்.

மாதாமாதம் வாடகை அனுப்புவது என் போனிலிருந்துதான். ஆனால் விரல் அவளுடையது. ஒன்றாம் தேதி காலை பேச்சைத் தொடங்கினேன்.

"இந்த மாசம் வாடகையை நானே அனுப்பறேன்."

துணி மடித்துக்கொண்டிருந்தவள், என் கால்சட்டை ஒன்றை அந்தரத்திலேயே நிறுத்தினாள்.

"ஏன், என் விரலுக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. குடும்பத் தலைவன்னு ஒருத்தன் இருக்கான்ல?"

"அப்படியா? யாரு?"

"நான்தான்!"

"ஓ. சரி, அனுப்புங்க. பாத்து அமுக்குங்க. விரல் வேற எங்கயாவது பட்டுடப் போகுது."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. நான் சொல்லவேண்டிய பொய்யை அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள்!

வேலைக்குப் போனேன். சாப்பாட்டுக்குக் கிளம்பும் முன், ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில், லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து, நண்பரின் கணக்கைப் போனில் சேர்த்தேன். பொத்தானை அழுத்தினேன். வாடகை பறந்தது.

இங்கே எங்கள் வீட்டு வாடகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஒரு வினோதமான தொகை. மேல்மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் முதலில் பதின்மூன்றாயிரம் கேட்டார். என் மனைவி பன்னிரண்டாயிரம் என்றாள். பிறகு அவர் இறங்க, இவள் ஏற, பெட்டி படுக்கையோடு நான் வாசலில் நிற்க, பேரம் மதியம் வரை நடந்தது. கடைசியில் அவர் நாற்பத்திரண்டில் நின்றார். இவள் நாற்பதில் நின்றாள். பன்னிரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்றில் சமாதானம் ஆயிற்று. உலகத்தில் வேறு யாரும் எதற்காகவும் இந்தத் தொகையைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்காரர் போக்குவரத்துக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை விட்டுப் போயிற்று, கை விடவில்லை. யார் பேசினாலும் உள்ளங்கையை உயர்த்தி நிறுத்துவார். அவருக்கு முறை வந்தால் பேசுவார். சட்டைப்பையில் விசில் இருக்கும். அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வாடகை வாங்கும் நாளில் முகம் மழித்துக்கொள்ளாமல் இருக்கமாட்டார். நான் கூரைமேல் உட்கார்ந்து பொத்தானை அழுத்திய அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று நினைக்கிறீர்கள்?

என் நண்பரின் சலூனில். வலது கன்னம் முடிந்து, இடது கன்னத்தில் நுரையோடு.

பணம் வந்தால் தொகையை உரக்கச் சொல்லும் பெட்டி ஒன்று அந்தக் கடையில் இருக்கிறது. கண்ணாடிக்கு மேலே இருந்து அது கணீரென்று கூவியது: "பன்னிரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்று வந்து சேர்ந்தது. நன்றி!"

வீட்டுக்காரரின் உள்ளங்கை உயர்ந்தது. கத்தி நின்றது.

"அது என் வாடகை."

"இல்லைங்க ஐயா," என்று நண்பர் தடுமாறினார். "ஒருத்தர்... முடிவெட்டுனதுக்கு அனுப்பியிருக்காரு."

"பன்னிரண்டாயிரத்துக்கா? யாருக்குய்யா வெட்டுனே, சிங்கத்துக்கா?"

இதையெல்லாம் நண்பர் எனக்குப் பிறகுதான் சொன்னார். நான் எதுவும் தெரியாமல், மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்து, கதவுக்கு வெளியே நின்று அதிர்ச்சி அடைந்த முகத்தைப் பழகிக்கொண்டிருந்தேன். அப்போது கழுத்தில் துண்டும் பாதி முகத்தில் காய்ந்த நுரையுமாக வீட்டுக்காரர் படியேறி வந்தார். முகம் தானாகவே அதிர்ச்சி அடைந்துவிட்டது.

"அம்மா!" என்று அவர் உள்ளே பார்த்து முழங்கினார். "என் வாடகை சலூன்ல கூவுது!"

மனைவி வெளியே வந்தாள். அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

போனை எடுத்துப் பார்த்தேன். தலையில் கைவைத்தேன். "ஐயையோ! விரல் தவறிடுச்சு!"

"உங்க விரல் தவறினா என் வாடகை எதுக்கு தம்பி தவறணும்?" உள்ளங்கை என் மூக்குக்கு நேராக நின்றது. "சாயங்காலத்துக்குள்ள பணம் வரணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணுங்க."

"ஐயா, காலி பண்றது இருக்கட்டும்," என்றாள் மனைவி. "முதல்ல அந்தத் தண்ணி மோட்டாரைச் சரிபண்ணுங்க. போன வாரம் தலைக்கு சோப்புப் போட்டுட்டு நிக்கறாரு, தண்ணி நின்னுபோச்சு. நுரையோட வேலைக்குப் போனாரு மனுஷன்."

"இவர் தலைக்கு எதுக்கும்மா சோப்பு?"

"தலை தலைதான் ஐயா! நீங்க போய் மீதிக் கன்னத்தை முடிங்க. நாங்களும் பின்னாலயே வர்றோம்."

அவர் போனார். இனி எனக்குத்தான் பூசை என்று பயந்தேன். ஆனால் அவள் பக்கத்தில் வந்து என் கையை மெல்லப் பிடித்தாள்.

"எந்த விரலுங்க?"

"இது."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போனையும் பார்த்தாள். "பாவம், எவ்வளவு தூரம் போயிருக்கு! போன் வரிசையில வீட்டுக்காரர் கடைசி. சலூன் மேல இருக்கு. வழியில உங்க அக்கா, எங்க அண்ணன், பால்காரர் எல்லாரையும் தாண்டிப் போயிருக்கே." சொல்லிக்கொண்டே அந்த விரலுக்கு ஒரு துணியைச் சுற்றினாள். "ஓய்வு கொடுங்க. போன் என்கிட்ட இருக்கட்டும்."

"அவன்கிட்ட போறது வீண். பணம் கடனுக்குப் போயிருக்கும். அடுத்த வருஷம்தான் தருவான்."

"இன்னும் கேக்கவே இல்லையே. அதுக்குள்ள எப்படித் தெரியும்?"

"ஒரு ஊகம்தான்."

"நல்ல ஊகம்," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சலூனில் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நண்பர் கத்தியைத் தீட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். மனைவி என்னைக் கடை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"அண்ணே, முதல்ல இவருக்கு முடி வெட்டுங்க."

நண்பர் என் தலையை முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். "எங்க, அண்ணி?"

"அதையேதான் நானும் கேக்கறேன். இந்தத் தலைக்காக இவர் உங்களுக்கு ஒரு தடவைகூட பணம் அனுப்புனதில்ல. உங்க கணக்கே இன்னிக்குத்தான் போன்ல புதுசா ஏறியிருக்கு. விரல் தவறலாம். தவறுற விரல் புதுசா ஒரு ஆளைச் சேத்துட்டா தவறும்?"

நண்பர் ஓரடி பின்வாங்கினார். கால் நாற்காலியின் மிதியில் பட்டது. நாற்காலி மேலே ஏறத் தொடங்கியது. ஏறினால் இறங்காத நாற்காலி அது. என் தலை மின்விசிறிக்குப் பக்கத்தில் போய் நின்றது. கீழே மூன்று முகங்கள் அண்ணாந்து பார்த்தன.

"அண்ணி, எனக்கு ஒண்ணும் தெரியாது!" என்றார் நண்பர். "நாற்காலிக்காகன்னு அண்ணன்தான் சொன்னாரு!"

"எந்த நாற்காலி?" என்று விசில் ஊதும் குரலில் கேட்டார் வீட்டுக்காரர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மானம் போகும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஆனால் என் மனைவி அமைதியாகச் சொன்னாள்:

"அது ஒண்ணுமில்ல ஐயா. இவருக்கு விரல் தவறிடுச்சு, அவ்வளவுதான். அண்ணே, வந்ததை அப்படியே ஐயாவுக்கு அனுப்பிடுங்க."

அனுப்பினார். வீட்டுக்காரரின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. வாடகை ஊரைச் சுற்றிவிட்டு வீடு சேர்ந்தது. என் மானமும் எப்படியோ கூடவே வந்து சேர்ந்தது. இப்படி ஒரு மனைவியையா ஏமாற்றப் பார்த்தேன் என்று மின்விசிறிக்குப் பக்கத்தில் இருந்தபடியே உருகினேன்.

பிறகு அவளும் வீட்டுக்காரரும் கடைக்கு வெளியே போய் நின்றார்கள். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். அவர் உள்ளங்கை உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. அவள் ஏதோ சொல்லி என்னைச் சுட்டிக் காட்டினாள். கை முழுவதுமாகத் தாழ்ந்தது. பேரம் நடக்கிறது என்று தெரிந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. இறங்கிப் போய்க் கேட்கலாம் என்றால், நாற்காலியை நானே சரிபண்ணிக்கொண்டுதான் இறங்கவேண்டியிருந்தது. சொன்ன சொல்லும் காப்பாற்றியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேர் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரித்தார்கள். உள்ளே அதே நாற்காலி! அதே சாய்மானம், அதே கால்நீட்டி.

"ஏது?" என்றேன்.

"அடுத்த மாச வாடகை கிடையாதுன்னு ஐயாகிட்ட பேசி முடிச்சேன். அந்தப் பணத்துல வாங்கினது."

"அவர் எப்படிச் சம்மதிச்சாரு?"

"மோட்டார் ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்கு அலுத்துப்போச்சாம். வருஷம் முழுக்க ஞாயித்துக்கிழமை நீங்க பாத்துக்கறதா சொல்லிட்டேன். மோட்டார், வாசல் கேட்டு, மாடிக் கதவு, எல்லாம். வாடகையிலயும் அந்தக் கடைசி ஒரு ரூபாயைக் குறைச்சிட்டேன்."

ஞாயிறு போனால் என்ன, மற்ற நாள் மாலைகள் இருக்கின்றனவே! ஓடிப்போய் உட்கார்ந்தேன். பொத்தான் உள்ள ரிமோட்டைத் தேடினேன். கைப்பிடியில் இல்லை. அடியிலும் இல்லை.

"ரிமோட் எங்கடி?"

"என்கிட்ட இருக்கு. விரல் தவறுற ஆள்கிட்ட பொத்தானைக் கொடுக்க முடியுமா?"

எதிர்வாதம் பேச நான் யார்? அந்தப் பொய் என்னுடையது.

"சரி, கண்ணை மூடுங்க," என்றாள். அழுத்தினாள். முதுகு சாய்ந்தது. கால் நீண்டது. சொர்க்கம் என்பது இவ்வளவு பக்கத்திலா இருந்தது என்று நினைத்தேன்.

மேல்மாடியிலிருந்து விசில் சத்தம் கேட்டது.

மூன்றாவது பொத்தானை அழுத்தினாள். நாற்காலி மெல்ல எழும்பி, ஊரையெல்லாம் ஏற்றி இறக்கும் என்னைத் தூக்கி, வாசலைப் பார்த்து, கருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அவளுக்காக மறுபடி சாய்ந்துகொண்டது.