மைக்ரோவேவ் எனக்கு அடங்கிய விபரம்

எருக்கலம்பிட்டி,
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய உம்மு ஸல்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வீடும் ஒன்பது கோழிகளும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். நீயும் மகள் முஸ்பிராவும், பிறந்து பதினெட்டு நாளான என் பேத்தியும், மருமகன் இன்பாஸும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல நீ ஒன்பது சொல்வாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். நேற்று நீ போனில், "நீங்க ஒழுங்காச் சாப்பிடுறீங்க இல்லை, குரல்லயே தெரியுது. ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸில வாறன்" என்றாய். வரவேண்டாம். மகளுக்குத் தையல் போட்ட காயம் இன்னும் ஆறவில்லை. நாற்பது நாளாவது நீ பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். "அப்ப நீங்க கொழும்புக்கு வாங்கோ" என்றும் தொடங்காதே. மருமகன் வீட்டில் நாள்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் இந்த ஜவாஹிர் இல்லை. போனோமா, ஒரு தேத்தண்ணி குடித்தோமா, எழும்பினோமா என்று இருப்பவன். நீ போகுமுன் சமைத்துப் பெட்டி பெட்டியாக ஐஸில் வைத்த கறிகளும், இன்பாஸ் அனுப்பிய மைக்ரோவேவும் எனக்குத் தாராளம். அதை எப்படி அடக்கினேன் என்பதை ஒன்றும் ஒளிக்காமல் எழுதுகிறேன். வாசித்து நிம்மதியாக இரு.

முதல் நாள், அடுப்பு நன்றாகக் காய்ந்த பிறகுதான் சட்டியை வைக்க வேண்டும் என்று நீ எனக்கு முப்பத்தைந்து வருடமாகச் சொல்லித் தந்த பாடம் நினைவுக்கு வந்து, உள்ளே ஒன்றும் வைக்காமல் மைக்ரோவேவைப் பத்து நிமிடத்துக்கு ஓடவிட்டேன். வெறும் கண்ணாடித் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது, நானும் கதிரையைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், முட்டை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஸுஹறா டீச்சர் அதைக் கண்டு ஓடிவந்து நிறுத்தினா. அவ பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவ என்பதால், அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே எனக்கும் ஒரு பாடம் நடத்தினா. "காக்கா, இதுக்குள்ள நெருப்பு இல்லை. அலை ஒண்டு வரும். அது சாப்பாட்டுக்குள்ள இருக்கிற தண்ணியைப் பிடிச்சு ஆட்டும். அந்த ஆட்டத்திலதான் சூடு பிறக்குது. சாப்பாடே இல்லாட்டி அந்த அலை எங்க போறது? மெஷினைத்தான் பழுதாக்கும்." எனக்கு உடனே விளங்கிவிட்டது. எல்லாம் தண்ணீர் விவகாரம்.

விளங்கியது மூளைக்கு, வயிற்றுக்கு இல்லை. அடுத்த நாள் கட்டாக் கருவாட்டில் இரண்டு துண்டை உள்ளே வைத்து ஆறு நிமிடம் அமத்தினேன். நம் கடற்கரை வெயிலில் நாலு நாள் காய்ந்த சாமானுக்குள் தண்ணீருக்கு எங்கே போவது? அது நினைவுக்கு வரும்போது வீடு முழுக்கப் புகை, கருவாடு கரி, அறை அலுமாரியில் இருக்கிற உன் பெருநாள் சேலை வரைக்கும் மணம். பயப்படாதே, சேலையை நானே தோய்த்துக் காயப்போட்டேன். அதன் நிறத்தைப் பற்றி நேரில் பேசுவோம். அதற்குப் பிறகு மூன்றாம் நாள், நீ கோழிக்கறி வைத்த ஐஸ்கிறீம் பெட்டியை அப்படியே வைத்தேன், பெட்டி இளகி ஒரு பக்கம் சாய்ந்தது, கறி கண்ணாடித் தட்டில் ஓடியது, அள்ளி வாயில் வைத்தால் ஓரத்தில் நாக்கு வெந்தது, நடுவில் பல் கூசியது. நாலாம் நாள் முட்டைக் குழம்பு. அதில் முட்டை வெடித்த சத்தத்துக்கு ஒன்பது கோழிகளும் கூட்டுக்குள் போய்விட்டன. தங்கள் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அதுகளுக்குத் தெரிந்திருக்கும்.

இனி என் கூட்டாளி அஸாமின் கதை. ஜும்மா முடிந்தால் அவனும் நானும் ஒரே சஹன் தட்டில் கைவைத்துச் சாப்பிடுவது உனக்குத் தெரிந்த வழக்கம். கிண்ணங்களில் தனித்தனியாகச் சூடாக்கித் தருகிறேன் என்றேன். "மச்சான், ஆளுக்கொரு கிண்ணத்தில தின்னுறதுக்கு இது என்ன ஆஸ்பத்திரியா? சஹனை அப்பிடியே உள்ள வை" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெரிய சஹன் கதவுக்குள் போகவில்லை. பிள்ளைகளுக்கு என்று நீ வைத்திருக்கும் சின்னச் சஹனில் சோற்றையும் பாரை மீனையும் போட்டு உள்ளே தள்ளிப் பொத்தானை அமத்தினேன். உம்மு ஸல்மா, உள்ளே பெருநாள் வாணம்! நீலப் பொறி, படபடவென்று சத்தம். அஸாம் கலிமாவைச் சொல்லிக்கொண்டு, தொப்பியும் செருப்பும் இல்லாமல் வாசல் படலை வரைக்கும் போய்விட்டான். சத்தம் கேட்டு வந்த டீச்சர் பிளக்கைப் பிடுங்கினா. "காக்கா, அலுமினியத்துக்குள்ளால அலை போகாது. பட்டுத் திரும்பும். விளிம்பில பொறி பறக்கும்" என்றா. "இவ்வளவையும் முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா பிள்ளை?" என்று கேட்டேன். "சஹனை வைப்பீங்க எண்டு நான் கனவா கண்டன்?" என்றா.

ஆனால் இப்போது என்னை விட்டால் ஆளில்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் வைக்கிறேன். சோற்றில் இரண்டு கைத் தண்ணீர் தெளிக்கிறேன். இறுக்கி மூடாமல் ஆவி போக வழி விடுகிறேன். பாதியில் எடுத்துக் கிளறுகிறேன். மணி அடித்ததும் பாயாமல் இரண்டு நிமிடம் பொறுக்கிறேன், சூடு நடுவுக்குப் போய்ச் சேரட்டும் என்று. எல்லாம் சூடான பிறகுதான் சஹனில் கொட்டுகிறேன். அஸாமும் வருகிறான், வாசலோரம் இருந்துதான் சாப்பிடுகிறான். ஆகவே நாற்பது நாள் என்ன, பேத்தி தவழும்வரை நீ அங்கே இரு. இங்கே உன் குறை ஒன்றும் தெரியவில்லை.

மகளுக்குப் பத்தியச் சாப்பாட்டை ஒழுங்காகக் கொடு. பேத்தியின் நெற்றியில் என் சார்பாக ஒரு முத்தம். உங்கள் எல்லோருக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தரட்டும்.

இப்படிக்கு,
தனியாகச் சமாளிக்கும்,
உன் ஜவாஹிர்.

பி.கு: இது வியாழக்கிழமை பின்நேரம் எழுதுவது. இன்று பகல் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு கறி போட்டுச் சூடாக்கி மேசையில் வைத்தேன். பிறகு இன்னொரு கோப்பையில் போட்டு உள்ளே வைத்தேன். பாதியில் நிறுத்திக் கிளறினேன். மணி அடித்தபிறகு இரண்டு நிமிடம் பொறுத்தேன். அதையும் கொண்டுவந்து மேசையில் வைத்து, "சாப்பிட வாவன்" என்று கூப்பிட்டுவிட்டேன். நீ போய் மூன்று கிழமை, இருபத்தொரு நாள். கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு இரண்டையும் நானே சாப்பிட்டேன், இரண்டும் நல்ல சூடு. நீ வரவேண்டாம் என்று எழுதியதில் மாற்றமில்லை. கோழிகளை ஸுஹறா டீச்சரிடம் ஒப்படைத்தாயிற்று. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார், முன்னால் பையோடு நிற்கிறேன். மருமகனுக்கு முன்னால் மட்டும் சிரிக்காதே.