சம்பந்தியின் கிட்டாரும் என் மரப்பசையும்

கூச்ச சுபாவம் உள்ளவர்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று பொதுவாக நம்புகிறார்கள். தவறு. வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் நாங்கள் கேட்க மாட்டோம். அதற்குப் பதில் கையால் எதையாவது செய்துவைப்போம். நான் அப்படிச் செய்த ஒரு காரியம், என் மகள் நித்யாவின் கல்யாண வரவேற்பில், மைக் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது.

நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, குன்னத்தூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். இளவயதில் கச்சேரிக் குழுவில் கிட்டார் வாசித்தவர். அவருடைய கிட்டார் சாதாரணமானது இல்லை. ‘ஆர்ச்டாப்’ என்பார். மேல்பலகை வயலின் போல மேடாக வளைந்திருக்கும். நடுவில் வட்ட ஓட்டைக்குப் பதில் இரண்டு பக்கமும் நெளிந்த நீளத் துளைகள். அவர் பிறப்பதற்கு முன்பே செய்த சாமான். பழைய வாத்தியங்களைச் சேர்த்துவைக்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் அதைக் கேட்டு போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். “பையன் கல்யாணத்துல ஒருக்கா மேடையேறி வாசிச்சுப் போடறனுங்க, அப்புறம் பாக்கலாம்” என்று சம்பந்தி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

கல்யாண வேனில் வந்தால் நசுங்கிவிடும் என்று, வரவேற்புக்கு இரண்டு நாள் முன்பே கிட்டாரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்.

“உங்கூட்டுப் புள்ளைய எங்களுக்குக் குடுக்கறீங்க. எங்கூட்டுப் புள்ளைய உங்ககிட்ட உட்டுட்டுப் போறனுங்க சம்பந்தி. பத்திரமுங்க.”

“செரிங்க” என்றேன். (அன்று அவரிடம் நான் பேசிய மொத்த வசனம் அதுதான்.)

அவர் போனதும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆறு கம்பிகளும் விறைத்துக்கொண்டு நின்றன. எனக்கு மனசு கேட்கவில்லை.

என் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பனியன் துணி சுருளாக வரும்போது இழுபட்டிருக்கும். அப்படியே வெட்டித் தைத்தால் முதல் துவைப்பிலேயே சட்டை தொப்புளுக்கு மேலே ஏறிவிடும். அதனால் சுருளைப் பிரித்து, தளர்வாகப் போட்டு, ஓர் இரவு விட்டுவிடுவோம். துணியை ரிலாக்ஸ் செய்வது என்று பெயர். இழுத்துக் கட்டியிருக்கும் எதைப் பார்த்தாலும் அதைத் தளர்த்திவிடச் சொல்லி என் கை பரபரக்கும். இத்தனை வருஷமாக இழுபட்டே கிடக்கும் இந்தக் கிழக் கிட்டார் இரண்டு நாளாவது ஓய்வெடுக்கட்டுமே!

முறுக்காணியில் கை வைத்தபோது மனைவி பார்த்துவிட்டாள்.

“ஏனுங்க, அவருக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டுப்போட்டுச் செய்யறதுதானுங்களே?”

“இந்நேரத்துல அவர எதுக்குத் தொந்தரவு பண்றது?” (மணி சாயங்காலம் ஆறு.)

ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தினேன். கடைசிக் கம்பியும் தளர்ந்ததும் ‘டொக்’ என்று ஒரு சத்தம். கம்பிகளைத் தாங்கிக்கொண்டிருந்த மரப் பிரிட்ஜ் குப்புற விழுந்து, பலகையின் சரிவில் சறுக்கி வந்து நின்றது. ஆணி எதுவும் இல்லை. அப்படியானால் பசைதான். எத்தனையோ வருஷம் பிடித்திருந்த பசை என் கையில் வந்துதானா விட்டுப்போக வேண்டும் என்று நொந்துகொண்டேன்.

அப்போதாவது போன் செய்திருக்கலாம். கல்யாணச் சீருக்குப் பீரோ செய்ததில் மிச்சமான மரப்பசை வீட்டில் இருந்தது. டேப்பை எடுத்தேன். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் அளந்து, பலகையின் நட்ட நடுவில், கோடு போட்டதுபோல நேராக ஒட்டினேன். துளைகளின் உள்விளிம்பில் மட்டும் சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தன. பூச்சி அரித்ததாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். காய்ந்ததும் கம்பிகளைத் திரும்ப முறுக்கினேன். என் வேலையில் அத்தனை துல்லியம் அதற்கு முன் வந்ததில்லை.

வரவேற்பில் சம்பந்தி பட்டுச் சட்டையோடு மேடையேறினார். காதைச் சாய்த்துச் சுருதி சேர்த்தார். சிரித்தார். விரல்களை அழுத்தி ஒரு மீட்டு மீட்டினார். ஒரே பாட்டை ஆறு பேர் ஆறு ஊரில் இருந்து பாடியதுபோல இருந்தது. மறுபடி சுருதி சேர்த்தார். மறுபடியும் அதே கொடுமை. கட்டைவிரலால் பிரிட்ஜைத் தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை. என் வேலை அவ்வளவு உறுதி.

“சம்பந்தி, இத ஒட்டிப்போட்டீங்களா?”

மைக் அவர் வாயருகில்தான் இருந்தது. மண்டபமே திரும்பியது. யாரோ ஒரு புண்ணியவான் இன்னொரு மைக்கை என் கையில் திணித்தார். மூன்று பேர் சேர்ந்து நின்றாலே பேச்சு வராத நான், முந்நூறு பேர் முன்னால் சொன்னேன்: “ரிலாக்ஸ் ஆகட்டும்னு... கம்பியத் தளத்தி உட்டனுங்க...”

வேறு ஊராக இருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது. இங்கே வந்திருந்த அத்தனை பேரும் பனியன்காரர்கள். “மாஸ்டர், கழுத்துல ரெண்டு இஞ்ச் சேத்து வெட்டுனீங்களா?” என்று பின்வரிசையில் இருந்து ஒருவர் கத்த, மண்டபம் அதிர்ந்தது.

சம்பந்தியும் சிரித்தார். ஆனால் அதற்கு முன்னால், ஒரு கணம், பலகையில் வழிந்து காய்ந்திருந்த பசையை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிறகு கிட்டாரைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன் முதுகில் தாளம் தட்டிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினார். நித்யாதான் முதலில் கை தட்டினாள்.

சாப்பாடு முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கிட்டாரை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்.

“கம்பி அமுக்கிப் புடிச்சாத்தானுங்க இது நிக்கும். ஒட்டக் கூடாது. இந்தா, ரெண்டு தொளையிலயும் வெட்டு இருக்குது பாருங்க. பிரிட்ஜ் இதுக்கு நேரா வரோணும். இல்லீனா அமுக்கற எடமெல்லாம் சுருதி தப்பிப் போயிருமுங்க.”

நாட்ச்! கையும் உடம்பும் எங்கே சேர வேண்டும் என்று நாங்கள் துணியின் ஓரத்தில் போடுகிற அதே நாட்ச். தினமும் ஆயிரக்கணக்கில் நான் போடுகிற வெட்டைத்தான் பூச்சி அரித்தது என்று நினைத்திருக்கிறேன். இத்தனை காலம் தளர்த்துவதுதான் அன்பு என்றும் நினைத்திருந்தேன். இழுப்பினாலேயே நிற்கிற பொருளும் உண்டு என்பது அந்த மண்டபத்தில்தான் தெரிந்தது.

கோயமுத்தூரில் ஒருவர் பசையைப் பக்குவமாக எடுத்துக் கொடுத்தார். இப்போது நன்றாகவே வாசிக்கிறது. ஆனால் பழைய வார்னிஷில் வெளிறிய தழும்பு நிலைத்துவிட்டது. அதைப் போட்டோவில் பார்த்த பெங்களூர்க்காரர் அதன்பின் போனே செய்யவில்லை.

மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது நான் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டாலும் குரல் கொடுக்கிறாள்: “அப்பா, சம்பந்திக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டுக்கோங்க!” மாப்பிள்ளை, நான் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததுமே கிட்டாரை எடுத்து பீரோ மேல் வைத்துவிடுகிறார்.

சம்பந்தி மட்டும் ஒருநாள், தழும்பைத் தடவிக்கொண்டே, “உங்க புண்ணியத்துல இனி இத எவனும் வந்து கேக்க மாட்டானுங்க” என்றார்.

அது நன்றியா, திட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம்தான். கூச்சமாக இருக்கிறது.